களவு வாசிப்பு: வெகுசனக் காதல் நாவல்களும் வெள்ளாற்றங்கரைச் சிறுநகர வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வெகுசனக் காதல் நாவல்கள் பெருமளவில் படிக்கப்படுகின்றன. ஆனால் படித்ததாகச் சொல்லிக்கொள்ளப் பலரும் தயங்குகின்றனர். இத்தயக்கம் எங்கிருந்து வந்தது, அந்நாவல்களின் கதைப்பின்னலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அகப்பொருள் மரபின் களவு, கற்பு, அலர், அறத்தொடு நிற்றல் ஆகிய கருத்தாக்கங்கள் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. ரமணிசந்திரன் வழிவந்த குடும்பக் காதல் நாவல் ஒருபுறமும், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட இமையத்தின் புனைவுகள் மறுபுறமும் வைத்து ஒப்பிடப்படுகின்றன. சிறுநகரக் காதலை முன்னிறுத்தி வெளிவரும் புதிய நாவல்களை மதிப்பிடுவதற்கான கேள்விகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வெகுசன நாவல், காதல் புனைவு, களவு, அலர், ரமணிசந்திரன், இமையம், திட்டக்குடி, வாசிப்பு.

முன்னுரை

பாடநூலுக்குள் மறைத்தும், செய்தித்தாளால் அட்டை போட்டும், உலை கொதிக்கும் இடைவெளியிலும் படிக்கப்படும் நாவல்கள் தமிழில் ஒரு நூற்றாண்டாக உள்ளன. அவற்றைப் படிப்பவர் இன்பம் அடைகிறார். அந்த இன்பத்துக்காகக் கூசவும் செய்கிறார். ‘சும்மா பொழுதுபோக்குக்காக’ என்ற முன்னுரையோடுதான் அவ்வாசிப்பு பிறரிடம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. கல்லூரிப் பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடம் அரிது. இலக்கிய வரலாற்று நூல்களில் இவை ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன.

இன்பமும் கூச்சமும் இணைந்த இந்நிலையை இக்கட்டுரை ‘களவு வாசிப்பு’ என்று குறிப்பிடுகிறது. களவு என்பது இங்குத் திருட்டைக் குறிக்கவில்லை. பிறர் அறியாமல் நிகழும் அன்பின் ஒழுக்கத்தைக் குறிக்கும் அகப்பொருள் சொல்லாகவே ஆளப்படுகிறது. இச்சொல்லின் பொருத்தம் கட்டுரையின் போக்கில் நிறுவப்படும்.

ஆய்வுக்களமாகக் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கொள்ளப்படுகிறது. வெள்ளாற்றங்கரையில் வைத்தியநாதசுவாமி கோயிலைக் கொண்ட திட்டக்குடி, 2021-இல் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பட்டது. அருகில் கீழச்செருவாயில் வெலிங்டன் ஏரி உள்ளது. விழுப்புரம், திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்த பெண்ணாடமும், கிழக்கே விருத்தாசலமும் இதன் அண்டை ஊர்கள். ஊரும் நகரும் ஒன்றையொன்று விட்டு விலகாத இத்தகைய நிலப்பகுதியில் எவரும் எவருக்கும் முற்றிலும் அந்நியர் அல்லர். காதல் புனைவுக்கு அது வளமான களம். காதலிப்பவர்க்கு அது கடினமான களம். இந்த முரணே கட்டுரையின் மையம்.

குற்ற உணர்வின் வரலாறு

நாவல் வாசிப்பைப் பற்றிய அச்சம் தமிழ் நாவலோடு ஒட்டிப் பிறந்தது எனலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தபோது, கதையோடு நீதியும் கூறுவதே அதன் நியாயமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் பரவியபோது, அந்த நீதிப்போர்வை மெலிந்தது. நாவல்கள் இளைஞரையும் பெண்களையும் கெடுத்துவிடும் என்ற குரல் அக்காலத்தில் ஓங்கி ஒலித்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் இக்காலப் பதிப்பு, வாசிப்பு வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பெண்கள் தாமே எழுதிப் பதிப்பித்து, பெண்களுக்கே கொண்டு சேர்த்த மரபு வை.மு. கோதைநாயகி அம்மாளிடம் வலுப்பெற்றது. 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருக்குப் பின்வந்த லட்சுமி, ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். பெண் வாசகரின் பேராதரவும் நிறுவன ஏற்பும் ஒருவரிடம் சேர்ந்த அரிய நிகழ்வு அது.

மறுபுறம், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ முதலான சிற்றிதழ்கள் பத்திரிகைத் தொடர்கதைக்கு எதிரான ஒரு சுவையை வளர்த்தன. க.நா. சுப்ரமண்யம் தரம் என்ற அடிப்படையிலும், க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலில் சமூகப் பயன்பாடு என்ற அடிப்படையிலும் வெகுசன நாவலை மதிப்பிட்டனர். இருவரின் கொள்கைகளும் எதிரெதிரானவை. வெகுசன நாவலைக் குறையுடையதாகக் கண்டதில் மட்டும் அவை ஒன்றுபட்டன. ஒழுக்கம், தரம், பயன் ஆகிய மூன்று அளவுகோல்களும் வெவ்வேறு காலங்களில் ஒரே வாசகரின் மீது வைக்கப்பட்டதால், அந்த வாசகரின் கூச்சமும் மூன்று அடுக்கு உடையதாயிற்று. இங்குக் கவனிக்க வேண்டியது, அம்மூன்று அளவுகோல்களும் நூலை மதிப்பிட்டனவே தவிர, வாசகர் அந்நூலை ஏன் நாடினார் என்று கேட்கவில்லை என்பதாகும்.

விற்பனையும் வாக்குறுதியும்

1969-இல் தொடங்கிய ‘ராணி முத்து’, அதன்பின் வந்த ‘மாலைமதி’, ‘கண்மணி’ போன்ற மாத நாவல் வெளியீடுகள் நாவலைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்தன. புத்தகக் கடையே இல்லாத ஊரிலும் நாளிதழ் தொங்கும் பெட்டிக்கடை இருந்தது. அங்கு நாவலும் தொங்கியது. ஒரு பயணத்தில் படித்து முடிக்கத்தக்க நீளம், வார இதழுக்கு நெருங்கிய விலை, மாதம் தவறாத வருகை ஆகியன இவற்றின் வலிமை. படித்தபின் அக்கம்பக்கத்தில் கைமாறிச் செல்வதும் வாடகை நூலகத்தை அடைவதும் இவற்றின் இரண்டாம் வாழ்வு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழி உருவான கிளை நூலகங்களிலும் நைந்த அட்டையோடு காணப்படுபவை பெரும்பாலும் இவ்வகை நூல்களே.

இச்சந்தையில் ஒரு புதிய நாவல் அறிமுகப்படுத்தப்படும் முறை தனித்துக் கருதத்தக்கது. அட்டையில் நாவலின் பெயரைவிட எழுத்தாளரின் பெயரே வாசகரை ஈர்க்கிறது. 1970-களிலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனைப் பொறுத்தவரை, அப்பெயர் ஒரு வாக்குறுதியாகவே ஆகிவிட்டது. முடிவு இனிதாக இருக்கும். நாயகியின் மானம் காக்கப்படும். வீட்டில் எவர் கையில் கிடைத்தாலும் சங்கடம் நேராது என்பதே அவ்வாக்குறுதி. ‘குடும்ப நாவல்’ என்ற வகைப்பெயர் இதையே சொல்கிறது. குடும்பத்தைப் பற்றிய நாவல் என்பதோடு, குடும்பத்தின் அனுமதி பெற்ற நாவல் என்ற பொருளும் அதற்கு உண்டு.

எனவே விளம்பரத்தின் இலக்கு வாசகரின் ஆவலைத் தூண்டுவதோடு நிற்பதில்லை. அவருடைய கூச்சத்தைத் தணிப்பதும் அதன் பணி. இணையத்திலும் இப்பணி தொடர்கிறது. பிரதிலிபி போன்ற தளங்களில் காதல் கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவருகின்றன. வாசகரின் எதிர்வினை அடுத்த அத்தியாயத்துக்குள் எழுத்தாளரைச் சென்றடைகிறது. கைப்பேசித் திரைக்குச் செய்தித்தாள் அட்டை தேவையில்லை. மறைத்தல் எளிதாகிவிட்டதே தவிர, மறைக்க வேண்டும் என்ற உணர்வு நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

கற்பிலிருந்து களவுக்கு

தொல்காப்பியம் முதலான இலக்கண நூல்கள் காட்டும் அகவாழ்வு களவில் தொடங்கிக் கற்பில் நிறைவுறுகிறது. தலைவனும் தலைவியும் தாமே எதிர்ப்பட்டு அன்பு கொள்கின்றனர். பிறர் முகக்குறிப்பில் அரும்பும் அம்பல், வெளிப்படையான பேச்சாக மலர்ந்து அலராகிறது. தோழி செவிலிக்கும் செவிலி நற்றாய்க்கும் உண்மையை உணர்த்தி அறத்தொடு நிற்கின்றனர். வரைவு மறுக்கப்படும்போது உடன்போக்கு நிகழ்கிறது. அன்பு முந்தியது, மணம் பிந்தியது என்பதே இவ்வொழுங்கு.

தமிழ் வெகுசனக் காதல் நாவலின் மிகப் பழகிய கதைப்பின்னல் இதைத் தலைகீழாக்குகிறது. ஏதோ ஒரு கட்டாயத்தால் நாயகியின் திருமணம் முதலில் நடந்துவிடுகிறது. நாயகன் செல்வன், சினம் மிக்கவன், அவளைத் தவறாகக் கருதுபவன். ஒரே வீட்டில் அந்நியராக வாழும் இருவரிடையே மெல்ல அன்பு அரும்புகிறது. பிறர் சூழ்ச்சியால் பிரிவு நேர்கிறது. உண்மை வெளிப்பட, நாயகன் மனம் வருந்துகிறான். இங்கே கற்பு முந்துகிறது. களவின் மெய்ப்பாடுகள் எல்லாம் தாலிக்குப் பின்னர் நிகழ்கின்றன. ஓரப்பார்வை, தடுமாற்றம், ஊடல், ஏக்கம் ஆகிய அனைத்தும் சட்டமும் சமூகமும் ஏற்ற உறவுக்குள் வைத்துக் காட்டப்படுகின்றன.

இம்மாற்றத்தைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பெற்றோர் பார்த்து முடிக்கும் மணமே பெரும்பான்மையாக உள்ள சமூகத்தில், முன்பின் அறியாத ஒருவனோடு வாழப்போகும் பெண்ணின் முன் நிற்கும் கேள்வி, ‘யாரைக் காதலிப்பது’ என்பதைக் காட்டிலும் ‘கட்டிக்கொண்டவன் என்னை நேசிப்பானா’ என்பதாகவே இருக்கும். கதைப்பின்னல் அக்கேள்விக்கே விடை தருகிறது. அவ்விடை நம்பத்தக்கதா என்பது வேறு. கேள்வி உண்மையானது என்பதை மறுக்க இயலாது.

கதைக்குள் காதல் இவ்வாறு உரிமம் பெற்றுவிடுவதால், களவு கதைமாந்தரை விட்டு நீங்கி வாசகரிடம் வந்து சேர்கிறது. நாயகி எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவளைப் பற்றிப் படிப்பவரே மறைக்க வேண்டியுள்ளது. பிறர் அறிந்தால் எழும் கேலி, அலரின் இடத்தைப் பெறுகிறது. நூலைக் கைமாற்றும் தோழி அகமரபுத் தோழியின் இடத்தை ஏற்கிறாள். ‘களவு வாசிப்பு’ என்ற சொல்லாட்சியின் பொருத்தம் இதுவே.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘ஸ்மித்டன்’ என்று புனைபெயரிடப்பட்ட ஊரில், காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் அவர் உரையாடினார். கதையின் பொருளோடு, வாசிக்கும் செயலே அப்பெண்களுக்கு முக்கியமாக இருந்தது. கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் ஓயாது பணிசெய்யும் நாளில், தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட நேரமாக அவ்வாசிப்பு அமைந்தது. அதே வேளையில், அவர்களின் குறையைத் தற்காலிகமாகத் தணித்து, இருக்கும் குடும்ப அமைப்போடு இணங்கிப்போகவும் அந்நாவல்கள் உதவின என்பதையும் ராட்வே சுட்டினார். இரண்டையும் சேர்த்துச் சொன்னதே அவ்வாய்வின் நேர்மை. தமிழ்ச் சூழலில் இதனோடு மூன்றாவது கூறு ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது சாதி.

பெயரின்மையும் சாதியின்மையும்

அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அப்பெயரின்மை, பாடலின் அனுபவத்தை எவர்க்கும் உரியதாக்கியது. வெகுசனக் காதல் நாவலில் மாந்தர்க்கு அழகிய பெயர்கள் உண்டு. சாதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அகமரபின் பொதுமை போலத் தோன்றும்.

இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு உள்ளது. அகப்பாடலில் பெயரின்மை, தலைவிக்கு நேரும் இடரைக் குறைப்பதில்லை. அலரும் இற்செறிப்பும் வெறியாட்டும் அவளைச் சூழ்ந்தே நிற்கின்றன. வெகுசன நாவலில் சாதியின்மை, இடரையே கதையிலிருந்து அகற்றிவிடுகிறது. நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே செல்வத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அது கடக்கத்தக்க தடை. சாதி வேறுபாடு இருக்கலாகாது. அது எழுப்பும் வன்முறையை இனிய முடிவுக்குள் அடக்க இயலாது. ஆகவே, சாதி சொல்லப்படாத இடத்தில் இருவரும் ஒரே சாதியினர் என்ற ஊகம் சத்தமின்றி இடம்பிடித்துக்கொள்கிறது. குடும்பத்தின் அனுமதி பெற்ற நாவல் அந்த அனுமதிக்குத் தரும் விலை இது.

கதைக்களங்களின் தேர்வும் இதனோடு தொடர்புடையது. சென்னை மாளிகை, மலைவாழிட விடுதி, குடும்பத் தொழில் நிறுவனம் ஆகியன விரும்பப்படும் களங்கள். அங்கே தெருவும் சேரியும் இல்லை. கோயில் திருவிழாவில் யார் எங்கு நிற்பது என்ற வரையறை இல்லை. சிறுநகரம் இவற்றில் நாயகி விட்டு வந்த ஊராகவோ, விடுமுறைக்குச் செல்லும் பாட்டி வீடாகவோ மட்டுமே தலைகாட்டுகிறது.

வெள்ளாற்றங்கரையின் மறுபக்கம்

களத்தை நிரப்பாமல் விடப்பட்ட அந்த இடத்தில்தான் இமையத்தின் புனைவுகள் நிற்கின்றன. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இவர், அவ்வட்டாரப் பேச்சையும் ஊர்களையும் தம் எழுத்தின் அடித்தளமாகக் கொண்டவர். ‘பெத்தவன்’ (2012), ‘எங் கதெ’ (2015), ‘செல்லாத பணம்’ (2018) ஆகிய மூன்றும் காதலைப் பற்றியவை. விற்பனை நோக்கில் பெயரிட்டால், மூன்றையும் சிறுநகர, சிற்றூர்க் காதல் கதைகள் என்றே அழைக்க வேண்டும். அவ்வாறு எவரும் அழைப்பதில்லை என்பதே சிந்திக்கத்தக்கது.

‘பெத்தவன்’ நெடுங்கதையில், தலித் இளைஞனைக் காதலிக்கும் மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் தந்தைக்குக் கட்டளையிடுகிறது. அவர் ஊருக்கு ஒப்புக்கொள்கிறார். இரவில் மகளை அவள் விரும்பியவனிடம் சேரும்படி அனுப்பிவைக்கிறார். பின்னர்த் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அகமரபில் அறத்தொடு நிற்பவர்கள் பெண்கள். தந்தையும் தமையன்மாரும் இறுதியில் குறிப்பால் உணர்பவர்கள். இங்கே தந்தையே அறத்தொடு நிற்கிறார். அறத்தை எடுத்துரைத்தற்கு உரிய செவி ஊரில் ஒன்றும் இல்லாததால், அந்நிலை அவரது உயிரைக் கேட்கிறது.

இக்கதையின் பின்னணியை அறிய வட்டாரத்தை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. 2003-இல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்ட இளம் இணையர் கொல்லப்பட்டனர். 18 ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் காவல்துறையினர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2025-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. களவும் பதிவேடும் இணைந்தும் காக்க முடியாத வாழ்வு அது. ஒரு காதல் கதையின் முடிவு இனிதாக இருக்க வேண்டும் என்ற வாசகரின் எதிர்பார்ப்பை இந்நிலத்தில் வைத்துப் பார்க்கும்போது, அதன் எடை மாறிவிடுகிறது.

‘செல்லாத பணம்’ பெற்றோர் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டுநரை மணந்த, பொறியியல் படித்த பெண்ணின் கதை. தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் அவளைச் சுற்றியே நாவல் நகர்கிறது. அவளே கொளுத்திக்கொண்டாளா, பிறர் கொளுத்தினரா என்பது தெளிவின்றியே விடப்படுகிறது. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை இந்நாவல் பெற்றது. வெகுசன நாவல் முடியும் இடத்தில், அதாவது விரும்பியவனோடு கைகோத்த இடத்தில், இந்நாவலின் துயரம் தொடங்குகிறது. ‘எங் கதெ’ வேறொரு திசையில் செல்கிறது. கணவனை இழந்து இரு பெண் குழந்தைகளோடு பணிக்கு வரும் பெண்மீது வேலையற்ற ஆண் ஒருவன் கொள்ளும் ஆண்டுக்கணக்கான மோகத்தை, அவனே தன் பேச்சுமொழியில் கூறுகிறான். நாயகனின் பொறாமையும் உரிமைகோரலும் காதலின் ஆழத்துக்குச் சான்றாக வெகுசன நாவலில் கொள்ளப்படுகின்றன. இங்கோ அவை அவற்றின் இயல்பான உருவில், அச்சமூட்டுவனவாக நிற்கின்றன.

ஒரு மறுப்பும் அதன் வரம்பும்

இவ்வொப்பீட்டிலிருந்து, இமையத்தின் புனைவு மெய், வெகுசன நாவல் பொய் என்று முடிவுகட்டுவது பழைய அளவுகோலுக்கே திரும்புவதாகும். வெகுசன நாவலில் ஒரு கோரிக்கை உள்ளது. ஆண் தன் தவற்றை உணர வேண்டும், உணர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெண்ணின் சொல்லை நம்ப வேண்டும் என்பதே அது. ரமணிசந்திரன் மரபின் இறுதி அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வரும் நாயகனின் மனவருத்தம், வாசகியின் வீட்டில் அரிதாகவே கிடைக்கும் ஒன்று. ‘செல்லாத பணம்’ நாவலின் பெண்ணுக்குக் கிடைக்காமற்போனதும் அதுவே. துயரப் புனைவு இழப்பைக் காட்டுகிறது. இன்பப் புனைவு இழந்தது எது என்பதைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே குறையின் இருபுறங்கள்.

எனினும் இம்மறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. நாயகனின் வன்சொல்லும் அடக்குமுறையும் அவன் இறுதியில் வருந்துவதால் மன்னிக்கப்படுகின்றன. பொறுத்திருந்தால் கனியும் என்ற நம்பிக்கையை இது வளர்க்கிறது. பொறுத்திருந்து கருகியவர்களின் கதைகளும் அதே ஊரில் உள்ளன. வாசகரின் விருப்பத்தை மதிப்பது என்பது, அவ்விருப்பத்துக்கு நூல் தரும் விடையை வினவாமல் விடுவது ஆகாது.

புதிய நாவலிடம் கேட்க வேண்டியவை

அண்மைக் காலத்தில் சிறுநகரத்தையே களமாக அறிவித்துக்கொண்டு வெளிவரும் காதல் கதைகள், அச்சிலும் இணையத்திலும் பெருகியுள்ளன. பேருந்து நிலையம், தட்டச்சுப் பயிலகம், கைப்பேசிக் கடை, ஆற்றுப்பாலம் ஆகியன அவற்றின் அட்டையிலும் அறிமுகத்திலும் இடம்பெறுகின்றன. அத்தகைய நாவலை மதிப்பிட மூன்று கேள்விகள் பயன்படும். முதலாவது, ஊர் வெறும் ஓவியத்திரையாக உள்ளதா, கதையின் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றலாக உள்ளதா? அகமரபின் மொழியில் கூறினால், முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளோடு பொருந்தியுள்ளனவா? இரண்டாவது, அந்த ஊரில் அலர் எழுகிறதா, எழுந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்? மூன்றாவது, இனிய முடிவு இடரை மறைத்துப் பெறப்பட்டதா, இடரைக் கடந்து பெறப்பட்டதா?

மூன்றாம் கேள்வியே இன்றியமையாதது. சாதி கடந்து மணந்த இருவர் அதே ஊரில், அதே தெருவில், அச்சமின்றி வாழ்வதாக முடியும் ஒரு மகிழ்ச்சியான நாவல் தமிழ் வெகுசன மரபில் அரிதினும் அரிது. அதை எழுதுவது துயரக் கதை எழுதுவதைவிடக் கடினம். ஊரார் ஒவ்வொருவரும் எவ்வாறு மாறினர் என்பதை நம்பும்படி காட்ட வேண்டும். தோழியும் செவிலியும் தந்தையும் அறத்தொடு நிற்பதற்கான மொழியை உருவாக்க வேண்டும். இன்பப் புனைவின் மரபு இதற்குத் தகுதியற்றது அன்று. விரும்பிப் படிக்கும் பெருந்திரளான வாசகர் அதன் பக்கமே உள்ளனர்.

முடிவுரை

வெகுசனக் காதல் நாவலைச் சுற்றியுள்ள கூச்சம் நூலின் தரக்குறைவால் மட்டும் விளைந்தது அன்று. காதலைக் கதையில் ஏற்று வாழ்வில் மறுக்கும் சமூகத்தில், அக்கூச்சம் ஒரு தேவையை நிறைவேற்றுகிறது. கதைக்குள் காதல் அனுமதி பெற்றதாக இருக்க, களவு வாசிப்பின் தளத்துக்குப் பெயர்க்கப்படுகிறது. அனுமதிக்காகச் சாதி துடைக்கப்படுகிறது. துடைக்கப்பட்டது இமையம் போன்றோரின் எழுத்தில் திரும்பி வருகிறது. ஆகவே இவ்விருவகைப் புனைவுகளையும் வெவ்வேறு அலமாரிகளில் வைத்துப் படிக்கும் பழக்கம் ஆய்வுலகில் மாற வேண்டும். திட்டக்குடியில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண், கையில் உள்ள நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறாள் எனில், முடிவு நன்றாக உள்ளதா என்று அறிய விரும்புகிறாள். அவள் வாழும் நிலத்தில் அது சிறிய விருப்பம் அன்று. அதற்காக அவள் கூச வேண்டியதும் இல்லை.